கை நீண்டதா, கைக்கு வந்ததா?

கேள்வி: வணக்கம் சென்செய். எனக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை முடித்துவிட்டு ஜப்பானில் ஷிசுவொக்கா மாகாணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு பாட்டியின் மகள், எங்களுக்கென்று ஓர் இனிப்புப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மேற்பார்வையாளரிடம் போய், ‘இனிப்பு வாங்கினேன்’ என்று சொல்வதாக நினைத்து “ஒக்காஷி ஓ தொரிமஷித்தா” என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. இன்னொரு நாள் “மருந்து எடுத்துக்கிட்டீங்களா” என்று கேட்க நினைத்து “குசுரி ஓ தொரிமஷித்தா கா” என்றேன். பாட்டி எழுந்துபோய் அலமாரியைத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். அகராதி ஆப்பில் தேடினால் தொரு, மொராவு, உக்கெரு, எரு, தெ நி இரெரு என்று வரிசையாக வருகிறது. எதை எங்கே சொல்வது? அடுத்த மாதம் அண்ணன் கல்யாணம், லீவு வேறு கேட்க வேண்டும். வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஜப்பான் போன முதல் வருஷம், இலையுதிர் காலம். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு பை நிறைய ‘காக்கி’ கொடுத்தார். காக்கிச் சட்டை இல்லை, பழம். பார்க்க ஆரஞ்சு நிறத் தக்காளி மாதிரி இருக்கும். சந்தோஷத்தில் வீட்டுக்காரப் பாட்டியிடம் ஓடிப்போய், பக்கத்து வீட்டிலிருந்து “காக்கி ஓ தொரிமஷித்தா” என்றேன். பாட்டி என்னைப் பார்த்தார், வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மரத்தைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். இந்தியாவிலிருந்து வந்த பிள்ளை மரமேறிப் பழம் பறித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நீங்கள் இனிப்புப் பெட்டியில் சறுக்கினீர்கள், நான் பழத்தில். தமிழ் பேசுகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் சறுக்குகிற இடம் இது.

(ஒரு சின்னக் குறிப்பு: ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதும்போது, சொல்லின் நடுவே க, த இரட்டித்து வந்தால் வன்மையாகவும், ஒற்றையாக வந்தால் மென்மையாகவும் படியுங்கள். ‘இத்ததக்கு’ என்பதில் முதல் த வன்மை, அடுத்த த மென்மை.)

நாம் இருவரும் சொன்ன ‘தொரிமஷித்தா’, ‘தொரு’ என்ற வினையின் இறந்தகாலம். அந்த வினையின் உயிர் கை நீளுவதில் இருக்கிறது. என் கை போனது, ஒன்றைப் பிடித்தது, என் பக்கம் கொண்டுவந்தது. அதற்கு எழுதுகிற காஞ்சியை, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்தைப் பாருங்கள். இடப்பக்கம் இருப்பது காது, வலப்பக்கம் இருப்பது கை. பழங்காலச் சீனத்தில் போரில் கொன்ற பகைவனின் காதை அறுத்துக் கணக்குக் காட்டும் வழக்கம் இருந்தது. அதிலிருந்து பிறந்த எழுத்து என்று விளக்கம் சொல்வார்கள். காதைப் பிடித்திருக்கும் கை என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், இந்தச் சொல்லில் கொடுப்பவருக்கு இடமே இல்லை என்பது மறக்காது. அதனால்தான் ஒருவரிடமிருந்து ஒரு பொருளைத் ‘தொரு’ செய்தேன் என்றால், அவர் கொடுக்காமலே எடுத்துக்கொண்டதாகக் காதில் விழுகிறது. பர்ஸ் திருடு போனால் ஜப்பானியர் “சைஃபு ஓ தொரரெத்தா” என்பார்கள், அதாவது பர்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று. அதே வினைதான். உங்கள் மேற்பார்வையாளரின் முகம் ஏன் மாறியது என்று இப்போது புரியும்.

சரி, நாம் ஏன் அங்கே போய் விழுகிறோம்? தமிழில் ‘வாங்கு’ என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள், அது ஊருக்கெல்லாம் உழைக்கிற மாடு. கடையில் அரிசி வாங்குகிறோம். பரிசு வாங்குகிறோம், கடன் வாங்குகிறோம், லைசென்ஸ் வாங்குகிறோம், நூற்றுக்கு நூறு வாங்குகிறோம், அப்பாவிடம் திட்டும் வாங்குகிறோம். ஜப்பானிய மொழி இந்த மாட்டை அவிழ்த்துவிட்டு ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆளை வைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கினால் கவு. யாராவது தந்து வாங்கினால் மொராவு. திருப்பித் தர வேண்டியது என்றால் பணமானாலும் புத்தகமானாலும் கரிரு. லைசென்ஸும் மதிப்பெண்ணும் தொரு. ஏனென்றால் அவை சும்மா வருவதில்லை, நாம் முயன்று பிடிப்பவை, அங்கே கை நீளுகிறது. வீட்டுக்கு மாதச் சந்தாவில் பேப்பர் வாங்குவதும் தொருதான். திட்டு வாங்குவதற்கு ‘வாங்கு’ கிடையாது, திட்டப்பட்டேன் என்று செயப்பாட்டில் “ஷிக்கரரெத்தா”.

எனவே ஆப்பில் ‘வாங்கு’ என்று போட்டுத் தேடாதீர்கள். அந்தப் பொருள் எப்படி நகர்ந்தது என்று ஒரு நொடி யோசியுங்கள். நானாகப் போய்ப் பிடித்தேனா, காசு கொடுத்தேனா, ஒருவர் மனமுவந்து தந்தாரா? கொடுத்த மனிதர் ஒருவர் காட்சியில் இருந்தால் ‘தொரு’வை விட்டுவிடுங்கள்.

கொடுத்த மனிதர் வந்துவிட்டால் மூன்று வினைகளும் கூடவே வரும். மொராவு என்றால் பெறுகிறவர் எழுவாய். “தொமொதாச்சி நி மொராய்மஷித்தா”: தோழியிடமிருந்து பெற்றேன். இந்த ‘நி’ இருக்கும் இடத்தில் ‘கரா’வும் வரலாம். ஆனால் கொடுத்தது கம்பெனி, பள்ளி, நகராட்சி மாதிரி அமைப்பாக இருந்தால் ‘கரா’ மட்டும் போடுங்கள். அடுத்த இரண்டும் கொடுப்பவரை எழுவாயாகக் கொண்டவை: குரெரு, அகெரு. இரண்டுக்கும் ஆப் ‘கொடு’ என்றுதான் பொருள் சொல்லும். அங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

தடுமாறத் தேவையே இல்லை என்பேன். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் செல், வா, தா, கொடு என்ற நான்கு வினைகளைச் சேர்த்துப் பேசுகிறது. தா, வா இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல், கொடு இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்கிறது. அதாவது எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், ஆனால் அவனுக்குக் கொடுத்தான். இன்றைக்கு நாம் ‘எனக்குக் குடு’ என்று கலந்துகட்டிப் பேசுகிறோம். மலையாளத்தில் இந்தப் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது, கூட வேலை செய்யும் கேரளப் பெண் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். குரெரு என்பது நம் பழைய ‘தா’. பொருள் என் பக்கம் வருகிறது. அகெரு என்பது ‘கொடு’. பொருள் என்னை விட்டு வெளியே போகிறது. ‘தோழி எனக்கு அகெரு செய்தாள்’ என்றால் ஜப்பானியர் காதில் அது ‘அவள் இங்கே போனாள்’ என்பது போலக் கோணலாக ஒலிக்கும்.

இரண்டு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. பழந்தமிழில் ‘உனக்குத் தருகிறேன்’ சரி. ஜப்பானியத்தில் என்னிடமிருந்து உனக்குப் போவதும் வெளியே போவதுதான், அகெரு. இரண்டாவது, ‘என் பக்கம்’ என்பதில் என் வீட்டாரும் சேர்த்தி. உங்கள் தோழி உங்கள் தம்பிக்கு ஒரு புத்தகம் தந்தாலும் குரெருதான். பொருள் உங்கள் கையில் படவே இல்லை, ஆனாலும் உங்கள் வீட்டு வாசலுக்குள் வந்துவிட்டது.

இதே வினைகள் துணைவினையாகவும் வரும். அதிலும் நமக்குக் கஷ்டமில்லை. ‘சொல்லித் தந்தார்’, ‘எழுதிக் கொடுத்தேன்’ என்று நாமே பேசுகிறவர்கள்தானே. “ஒஷியெத்தெ குரெமஷித்தா” அப்படியே ‘சொல்லித் தந்தார்’. ஒரே ஓர் எச்சரிக்கை, உங்கள் வேலைக்கு முக்கியம். வயதானவரிடம் “தெட்சுதத்தெ அகெமாஸ்”, அதாவது ‘உதவி செய்து கொடுக்கிறேன்’ என்று சொன்னால் உபகாரம் செய்வதைச் சொல்லிக்காட்டுவதாகப் படும். “ஒ-தெட்சுதாய் ஷிமாஸ்” என்று சொல்லுங்கள்.

இப்போது இனிப்புப் பெட்டிக்கு வருவோம். தோழிக்குத் தோழி என்றால் மொராவு, குரெரு போதும். பெட்டியைக் கொடுத்தவர் இல்லத்தில் இருக்கும் பாட்டியின் மகள். நீங்கள் சொல்வது மேற்பார்வையாளரிடம். ஆகவே மரியாதை வடிவம் வேண்டும். மொராவின் பணிவு வடிவம் இத்ததக்கு, குரெருவின் மரியாதை வடிவம் குதசரு. ‘இத்ததக்கு’ என்பதற்கு மூலப் பொருள் தலைமேல் வைத்துக்கொள்வது. அதற்கு எழுதும் காஞ்சிக்கு உச்சி, சிகரம் என்று பொருள். பெரியவர் தந்ததைத் தலைக்கு மேல் உயர்த்தி ஏற்ற பழக்கத்திலிருந்து வந்த சொல். கோயிலில் விபூதிப் பொட்டலத்தை வாங்கியதும் நம்மை அறியாமல் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, கிட்டத்தட்ட அந்தச் செய்கைதான். சாப்பாட்டுக்கு முன் ஜப்பானியர் சொல்லும் ‘இத்ததக்கிமாஸ்’ இதே வினை. தினம் மூன்று வேளை நீங்களே சொல்லிக்கொண்டிருக்கிற சொல், புதிதாகப் படிக்க ஒன்றும் இல்லை.

“கோகஸொக்கு நோ கத்தா கரா ஒக்காஷி ஓ இத்ததக்கிமஷித்தா.” குடும்பத்தாரிடமிருந்து இனிப்பு பெற்றோம். இதைச் சொல்லியிருந்தால் போதும். இதையே திருப்பி, குடும்பத்தார் தந்தார்கள் என்று ‘குதசாய்மஷித்தா’ போட்டும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் கொடுத்தவர் முன்னால் நிற்கிறார், அவருடைய நல்ல மனசு முன்னால் நிற்கிறது. மேற்பார்வையாளருக்குத் தகவல் சொல்லும்போது நான் முதலாவதைத்தான் எடுப்பேன். ஏனென்றால் அங்கே கேள்வி ‘பெட்டி இங்கே எப்படி வந்தது’ என்பது. அப்புறம் இன்னொன்று: முதியோர் இல்லங்கள் பலவற்றில் குடும்பத்தார் கொடுக்கும் பரிசுகளைப் பணியாளர் வாங்கக்கூடாது என்று விதி உண்டு. உங்கள் இல்லத்தில் என்ன வழக்கம் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அவர் முகம் மாறியதற்கு வினை மட்டுமே காரணமாக இல்லாமலும் இருக்கலாம்.

அடுத்தது மருந்து. இங்கே குற்றவாளி நம் ‘எடு’. ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்து ஒட்டிக்கொண்ட ‘மருந்து எடுத்துக்கொள்’ ஜப்பானியத்தில் செல்லாது. மருந்து மாத்திரையானாலும் குடிப்பதுதான்: குசுரி ஓ நொமு. “தொரிமஷித்தா கா” என்றதும், ‘எடுத்தாச்சா’ என்று பாட்டி காதில் விழுந்திருக்கும். எடுக்கவில்லையே என்று அலமாரிக்குப் போயிருக்கிறார். பாவம், அவர் சரியாகத்தான் நடந்துகொண்டார்.

இருந்தாலும் ‘எடு’வை முழுக்க வெறுக்க வேண்டாம். வாங்குவைவிட இது ஜப்பானியத்தோடு நன்றாக ஒத்துப்போகும். போட்டோ எடுப்பது, நோட்ஸ் எடுப்பது, மார்க் எடுப்பது, ஓய்வு எடுப்பது எல்லாமே அங்கேயும் தொரு. ஒலி ஒன்றுதான், காஞ்சிதான் மாறும்: படம் எடுக்க ஒன்று, காட்டில் கீரை பறிக்கவும் வேலைக்கு ஆள் எடுக்கவும் இன்னொன்று, மீன் பிடிக்க வேறொன்று. பேசும்போது இந்தக் கவலை இல்லை, எழுதும்போது மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேஜையில் “உப்பை எடுங்க” என்பதும் அப்படியே “ஷியொ ஓ தொத்தெ குதசாய்”. கறையை எடுப்பதும் களை எடுப்பதும்கூட தொருவே. ஒத்துவராதவை: முடிவு எடுப்பது, வாந்தி எடுப்பது, பசி எடுப்பது. இவற்றுக்கெல்லாம் தனித்தனி வினை உண்டு. உங்கள் வேலையில் தினமும் வருவது காய்ச்சலும் பிரஷரும். பிரஷர் எடுப்பதும் டெம்பரேச்சர் எடுப்பதும் அங்கே அளப்பது, ஹக்கரு. ஆனால் கையைப் பிடித்து நாடி பார்ப்பதற்கு “ம்யாக்கு ஓ தொரு” என்பார்கள். அங்கே நிஜமாகவே கை போய்ப் பிடிக்கிறது இல்லையா.

ஆப் காட்டிய மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உக்கெரு என்பது வந்து மோதுவதை ஏற்பது: பரீட்சை, பரிசோதனை, அறுவை சிகிச்சை, பாதிப்பு, விமர்சனம். பரீட்சை எழுதினேன் என்பது உக்கெரு. பாஸானேன் என்பது உக்கரு. ஒரு எழுத்துதான் வித்தியாசம். “என்3 உக்கெமஷித்தா” என்று சொல்லிவிட்டு ஏன் யாரும் வாழ்த்தவில்லை என்று வருத்தப்பட்ட மாணவர்கள் எனக்கு உண்டு. எழுதினேன் என்றுதானே சொன்னீர்கள்! பாஸானதைச் சொல்ல “என்3 நி உக்கரிமஷித்தா”, அல்லது “என்3 ஓ தொரிமஷித்தா”. உக்கெத்தொரு என்பது பார்சல், கடிதம், பணம் என்று கையில் வந்து சேர்ந்ததைப் பெற்றுக்கொள்வது. கூரியர்க்காரர் வந்தால் இதுதான். ‘எரு’ என்றதும் நம்மூர்க்காரருக்குச் சாணிதான் ஞாபகம் வரும், ஆனால் அங்கே அது எழுத்து வழக்குச் சொல். அனுமதி பெறுவது, தகவல் பெறுவது, லாபம் பெறுவது என்று அறிக்கைகளில் வரும். இனிப்புப் பெட்டிக்கு அதைப் போட்டால் ‘இனிப்பு எய்தினேன்’ என்பது போல இருக்கும். தெ நி இரெரு என்பது தேடி அலைந்து கைப்பற்றுவது. அதன் ஜோடி தெ நி ஹைரு நம் ‘கிடைத்தது’: பொருள் தானாகக் கைக்குள் வருகிறது. நம்மூர் முருங்கைக்காய் அங்கே ஏதோ ஒரு கடையில் கிடைத்தால் தாராளமாகச் சொல்லலாம்.

கடைசியாக, நீங்கள் பயப்படும் லீவு. ‘லீவு எடுக்கிறேன்’ என்பதற்கு “யசுமி ஓ தொரிமாஸ்” இலக்கணப்படி சரிதான். தோழிகளிடம் அப்படியே சொல்லலாம். மேலாளரிடம் சொன்னால், எடுத்தாகிவிட்டது, உங்களுக்குத் தகவலுக்காகச் சொல்கிறேன் என்ற தொனி வந்துவிடும். சட்டப்படி அது உங்கள் உரிமை: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்து, வேலை நாட்களில் 80 சதவீதம் வருகை இருந்தால் முழுநேர ஊழியருக்கு 10 நாள் சம்பளத்தோடு விடுப்பு. 2019 ஏப்ரலிலிருந்து, அப்படிப் 10 நாள் உள்ளவர் வருடத்தில் 5 நாளாவது எடுக்கும்படி பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமையும்கூட. எட்டு மாதம் முடித்த உங்களுக்கு அது இருக்கும். விடுப்புப் படிவத்தில் அச்சிட்டிருப்பது ‘ஷுத்தொக்கு’ என்ற சொல்லாக இருக்கும்; அதில் முதலில் வருவது அந்தக் காதும் கையும் உள்ள எழுத்துதான். அலுவலக மொழியில் எடுப்பது என்றே எழுதியிருக்கிறது, வாயால் கேட்கும்போது மட்டும் பெறுவதாகக் கேட்க வேண்டும். எனக்கு இது முதலில் போலித்தனமாகத்தான் பட்டது. அப்புறம் நான் இல்லாத நாட்களில் என் ஷிஃப்டை யாரோ ஒருவர் பார்க்கிறார் என்பதை ஒரு முறை வேறொருவர் ஷிஃப்டை நான் பார்த்தபோது உணர்ந்தேன். அதன் பிறகு நாக்கு தானாக வளைந்துவிட்டது.

இப்படிச் சொல்லுங்கள்: “ரைகெட்சு, அனி நோ கெக்கொன்ஷிக்கி கா அரு நோ தெ, ஒ-யசுமி ஓ இத்ததக்கித்தாய் நோ தெசு கா...” அடுத்த மாதம் அண்ணன் கல்யாணம் இருப்பதால், விடுப்பு பெற்றுக்கொள்ள விரும்புகிறேன், ஆனால்... இதில் வரும் இரண்டு ‘கா’வையும் கங்கையில் வரும் க போல மென்மையாகச் சொல்ல வேண்டும், வன்மையாகச் சொன்னால் கடைசி கா கேள்வியாகிவிடும். அதோடு அந்தக் கடைசி கா-வில் நிறுத்திவிடுங்கள், மேலே ஒன்றும் பேசாதீர்கள். மீதி வாக்கியத்தை முடிக்க வேண்டியது மேலாளர். எத்தனை நாள் என்று அவர் கேட்பார், அப்போது தேதியைச் சொல்லுங்கள். கூடவே, ஷிஃப்ட் அட்டவணை போடுவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள். மொழி எவ்வளவு பணிவாக இருந்தாலும் அட்டவணை ஒட்டிய பிறகு கேட்டால் யாருக்கும் கோபம் வரும்.

ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது எல்லாருக்கும் ஒமியாகெ, அதாவது ஊர்ப் பண்டம் கொண்டுபோவீர்கள், தெரியும். அல்வா அவர்களுக்கு நெய் அதிகம், சின்னத் துண்டாக வெட்டிக் கொண்டுபோங்கள். மேற்பார்வையாளரிடம் நீட்டும்போது ‘அகெமாஸ்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மேலே இருப்பவருக்கு அது இந்தா பிடி என்பது போல. அதன் பணிவு வடிவம் ‘சஷியகெரு’ இருக்கிறதே என்று அதையும் நேருக்கு நேர் போடாதீர்கள். கொடுக்கிறேன் என்பதை முகத்துக்கு நேரே சொல்வதே அங்கே கூச்சமான விஷயம். “இந்தொ நோ ஒமியாகெ தெசு. தோஸோ.” இந்தியாவிலிருந்து கொண்டுவந்தது, எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் நீட்டுங்கள். வினையே வேண்டாம்.